கொதிக்கும் சட்டியும் நெத்திலிக் கருவாடும்

விம்கோ நகர் என்ற பெயருக்குள் ஒரு தீக்குச்சி இருக்கிறது. ஸ்வீடன் முதலாளிகள் 1923-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் விம்கோ. திருவொற்றியூரில் அந்தக் கம்பெனி தீப்பெட்டி செய்தது. ஆலையின் பெயர் ரயில் நிலையத்துக்கு ஒட்டியது. பிறகு ஊருக்கே ஒட்டியது. 2021 பிப்ரவரியில் மெட்ரோவும் வந்து சேர்ந்தது.

கொரியர்கள் சென்னைக்கு வந்த வழியும் ஆலை வழிதான். 1996-ல் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டியது. 1998-ல் சான்ட்ரோ தெருவுக்கு வந்தது. கூடவே கொரியப் பொறியாளர்களும் குடும்பங்களும் வந்தார்கள். அவர்கள் நாக்கைத் தேடி கொரியச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. வடசென்னைக்கு இது புதிதல்ல. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோவை பாரிமுனையில் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவர்கள்தானே நாம்!

ஒரு புதன்கிழமை ராத்திரி, வேலை முடிந்து நாலு பேர் அப்படியொரு கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் 'ஜிகே' என்று இருப்பதைக் கேட்டால், அடுப்படியில் சமைத்த குழம்பு சின்னக் கறுப்பு மண்சட்டியோடு தளதளவென்று கொதித்தபடி வரும். 'ஜொன்கோல்' கேட்டால், அகலமான தாழ்ந்த பாத்திரத்தில் காய், காளான், இறைச்சியை அழகாக அடுக்கி, மேசை நடுவே சின்ன அடுப்பை வைத்து, உங்கள் கண் முன்னாலேயே கொதிக்க விடுவார்கள். முன்னது சேமித்த சூட்டில் ஓடுகிறது, பின்னது எரிகிற சூட்டில்.

சட்டியின் கணக்கு

அடுப்பை விட்டு இறக்கிய சட்டி எப்படிக் கொதித்துக்கொண்டே இருக்கிறது? மண் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று நாம் சொல்வது பாதி உண்மை. ஒரு கிலோ மண்ணும் ஒரு கிலோ அலுமினியமும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டைத்தான் வாங்கிக்கொள்ளும். வித்தியாசம் இரண்டு இடங்களில் இருக்கிறது. மண்சட்டி தடிமனானது, கனமானது. அதைவிட முக்கியம், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் மண் சூட்டைக் கடத்தும் வேகம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகவே வாங்கியதை மெதுவாகத்தான் கொடுக்கும்.

ஒரு கிலோ எடையுள்ள சட்டியின் சுவர் சராசரியாக 150 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று கொள்வோம். அது 100 டிகிரிக்கு இறங்குவதற்குள் சுமார் 42 கிலோஜூல் வெப்பத்தைக் குழம்புக்குக் கொடுக்க முடியும். அதைக் கொண்டு ஆவியாக்க முடிந்த தண்ணீர் 19 கிராம்தான், ஒன்றரை மேசைக்கரண்டிகூட இல்லை. ஆனால் அந்த 19 கிராம் நீராவிதான் உங்கள் மேசைக்கு வரும் அத்தனை குமிழும்.

இந்தச் சட்டிக்குக் கொரியாவில் 'துக்பேகி' என்று பெயர். புதிதாக வாங்கியதை அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்குவார்கள். நம் வீட்டில் மீன் குழம்புச் சட்டியைப் பழக்குவதும் கஞ்சித் தண்ணீரில்தான். மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் இரு நாட்டுக்கும் பொதுவான விதி. உள்பக்கம் சட்டென்று சுருங்க, வெளிப்பக்கம் விரிந்தபடியே நிற்க, சட்டி விரிசல் விடும்.

மேசை நடுவே நெருப்பு

ஜொன்கோல் அடுப்புக்குள் படுத்திருக்கும் குப்பியில் இருப்பது பியூட்டேன், நம் வீட்டு சிலிண்டரில் புரொப்பேனோடு கலந்திருக்கும் அதே வாயு. அழுத்தத்தில் திரவமாக இருக்கும். வெளியே வரும்போது ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைக் குப்பியிடமிருந்தே எடுத்துக்கொள்வதால், பக்கத்தில் நெருப்பு எரிய எரிய குப்பி சில்லிட்டுப்போகும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. கொரியாவின் உறைபனிக் குளிரில் திறந்தவெளியில் அடுப்பு சண்டித்தனம் பண்ணும். எண்ணூர்க் காற்றில் அந்தக் கவலை இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அடுப்பைவிடப் பெரிய பாத்திரத்தை வைத்தால், அதன் அடிச்சூடு குப்பி மேல் திரும்பும், குப்பி வெடிக்கக்கூடும்.

சட்டியில் இருந்தால்தான்

ஜொன்கோல் பாத்திரத்தில் ஊற்றும் வெளிறிய சாறுதான் இத்தனைக்கும் அடித்தளம். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டிலிருந்து. கொரியர்கள் 'மியோல்ச்சி' என்பார்கள். நம் நெத்திலியும் அவர்கள் நெத்திலியும் ஒரே குடும்பம், இனம் மட்டும் வேறு. அவர்கள் மீனை உப்புநீரில் ஒரு கொதி விட்டு உலர்த்துகிறார்கள். காசிமேட்டுப் பக்கம் பெரும்பாலும் பச்சையாகவே வெயிலில் காயப்போடுகிறோம். தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டு, வெறும் வாணலியில் லேசாக வறுத்து, 'தாசிமா' என்ற கடற்பாசித் துண்டோடு கொதிக்கவிட்டால் சாறு தயார். குடலை விட்டுவைத்தால் கசக்கும். பாசியைப் பத்து நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் கொழகொழக்கும்.

மீனும் பாசியும் ஏன் ஜோடி? 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா இந்த வகைப் பாசியிலிருந்துதான் குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதை விற்க வந்த பெயர்தான் அஜினோமோட்டோ. 1913-ல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, உலர்ந்த மீனில் இனோசினேட் என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. நாவின் சுவை ஏற்பியில் குளுட்டமேட் உட்கார்ந்ததும் இனோசினேட் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் தக்காளி போடுகிறோமே, அதுவும் இதே கணக்குதான். தக்காளியில் குளுட்டமேட், மீனில் இனோசினேட். வேதியியல் படிக்காமலே ஆயாக்கள் போட்ட கணக்கு.

எதை எப்போது போடுவது

கொதி வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. கொதிக்கிற ஒரு லிட்டர் சாற்றில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த இறைச்சியைப் போட்டால், சூடு ஏறக்குறைய 84 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதி அடங்கி, மறுபடி ஏறும்வரை இறைச்சி ஊறிக் கிடக்கும்.

முள்ளங்கியும் உருளைக்கிழங்கும் முதலில். அவற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் 85 டிகிரிக்கு மேல்தான் இளகும், அதற்கும் நேரம் பிடிக்கும். பிறகு காளான், டோஃபு. காகிதம்போலச் சீவிய மாட்டிறைச்சி 60, 70 டிகிரியிலேயே வெந்துவிடும். நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். இறால் வேகும்போது சிவப்பது, ஓட்டில் புரதத்தோடு கட்டுண்டிருந்த சிவப்புச் சாயம் சூட்டில் விடுபடுவதால். கடம்பா மட்டும் ஒரு நிமிடம் தாண்டினால் ரப்பர். அதன்பின் அது மிருதுவாக வேண்டுமானால் அரைமணிக்கும் மேலே காத்திருக்க வேண்டும். கீரை கடைசியில்.

சூடும் காரமும்

சாறு சிவப்பாக இருந்தால் அதில் கொரிய மிளகாய்த்தூளோ, மிளகாயும் சோயாவும் புளிக்கவைத்த 'கொச்சுஜாங்' விழுதோ இருக்கிறது. பார்வைக்குப் பயமுறுத்தினாலும் நம் குண்டூர் மிளகாயை விடக் காரம் குறைவு. ஆனாலும் நெற்றி வேர்க்கும். காரணம் நாக்கில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசினை உணரும் ஏற்பியும், 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் ஏற்பியும் ஒன்றே. 1997-ல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொதிக்கும் காரக்குழம்பு ஒரே மணியை இரண்டு கையால் அடிக்கிறது. தண்ணீர் குடித்துப் பயனில்லை, கேப்சைசின் அதில் கரையாது. வெறும் சோற்றை ஒரு வாய் போடுவது நல்லது.

சோறு என்றதும் கடைசிக் காட்சிக்கு வந்துவிடுவோம். காயும் கறியும் தீர்ந்து, அடியில் சாறு சுண்டிக் கிடக்கும். அத்தனை நேரம் பாத்திரத்துக்குள் போனதெல்லாம் தன் சத்தைக் கொஞ்சம் அதில் விட்டிருக்கும். கடைக்காரர் அதிலேயே சோற்றைக் கொட்டி, எள்ளெண்ணெய் விட்டு, பாத்திரத்தின் அடியில் அழுத்திப் பரப்பி, முறுகும் வரை விடுவார். கரண்டியால் சுரண்டித் தின்ன வேண்டும்.

மீன் குழம்பு தீர்ந்த சட்டியில் சோற்றைப் போட்டு, வழித்துப் பிசைந்து, வீட்டுப் பிள்ளைகள் உருண்டைக்குச் சண்டை போடுவது விம்கோ நகரில் எந்த வீட்டிலும் நடப்பது. அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். கொரியன் கடையில் எது கடைசியில் ருசியாக இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.