பட்டிப்பூவும் புற்றுநோய் மருந்தும்

மணல் கண்ட இடத்தில் முளைத்துவிடும் செடி பட்டிப்பூ. பாப்பாமோட்டை போன்ற மன்னார்க் கரையோர ஊர்களின் உவர்க்காற்றும் வறட்சியும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். இந்தச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆகவே இலையை அவித்துக் குடித்தால் நோய் மாறும் என்று சிலர் அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதையே அதற்குச் சாட்சி. ஜமெய்க்காவில் நீரிழிவுக்கு இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். 1952 இல் அந்த இலைகள் சில கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. வெஸ்டர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் நோபிள் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியாக ஏற்றியபோது எலிகள் கிருமித்தொற்றால் செத்தன. காரணம், அவற்றின் வெண்குருதிக் கலங்கள் சரிந்திருந்தன. வெண்கலங்களை இப்படி வீழ்த்தும் பொருள், அவை கட்டுமீறிப் பெருகும் குருதிப் புற்றுநோயில் உதவாதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நோபிளும் சார்ள்ஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வில் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டின் கிடைத்தது. 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புற்றுநோய் என்பது நிறுத்தச் சொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் கலங்கள் பிரிந்துகொண்டே போவது. ஒரு கலம் இரண்டாகும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லப் புரத இழைகள் உருவாக வேண்டும். அந்த இழை கட்டப்படாதபடி வின்கிறிஸ்டின் தடுக்கிறது. கலம் பாதிவழியில் நின்று மடிகிறது. நரம்புகளுக்குள்ளும் அதே வகை இழைகள் உண்டு. மருந்து ஏற்றியவர்களுக்கு விரல் விறைப்பதும் மலச்சிக்கல் வருவதும் அதனால்தான். இந்த விலை கொடுத்துப் பெறுவது என்ன? 1950களில் குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். வின்கிறிஸ்டினை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் செல்வந்த நாடுகளில் இன்று, அந்நோயின் மிகப் பரவலான வகையில், பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை பிழைக்கிறார்கள்.

‘மருந்தே இலையில் இருக்கிறதே, பிறகு ஏன் ஊசி?’ என்று கேட்கலாம். ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு ஏறத்தாழ 2000 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். பெரியவருக்கு ஒருமுறை ஏற்றும் அளவு பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. அதற்கே 4 கிலோ காய்ந்த இலை. அத்தனையையும் அவித்துக் குடித்தாலும், குடலால் ஒழுங்காக உறிஞ்சப்படாத மருந்து இது. ஆனால் இலையிலுள்ள ஏனைய பல அல்கலொயிட்டுகளும் அந்தக் கஷாயத்தோடு அளவு தெரியாமல் உள்ளே போகும். ‘முன்னோர் வைத்தியம்’ என்ற வாதமும் நிற்காது. செடியின் தாயகம் மடகஸ்கார். நமக்கு அது வந்தேறி.

இன்னொன்று, எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து இல்லை. இலங்கை ஆண்களிடம் முன்னணியில் இருப்பது வாய்ப்புற்றுநோய். அதற்கு முக்கிய சிகிச்சை சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும். பட்டிப்பூ மருந்துக்கு அங்கே பெரிய இடமில்லை. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 அறிக்கையில் சொல்லிவிட்டது. வெற்றிலை போடுகிறவர் வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணோ கண்டால், கஷாயத்தில் நாளைக் கடத்தாமல் மன்னார் வைத்தியசாலையில் காட்டட்டும். வடக்கில் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை.