தோற்றமும் காரணமும்: பழைய டீசல் கார்களின் தொடக்கத் தடை பற்றிய ஒரு நோக்கு

பழைய டீசல் கார்கள் காலையில் எளிதில் இயங்கத் தொடங்காமை அன்றாட அனுபவமாகும். அவ்வேளைகளில் முதலிற் பற்றரி மாற்றப்படுகிறது. பயனில்லையெனின் ஹீற்றர் பிளக்குகள் மாற்றப்படுகின்றன. ஈற்றில் எரிபொருட் பம்பே கழற்றப்படுகிறது. உரிமையாளரின் பணம் கரைகின்றதேயன்றிக் குறை நீங்குவதில்லை. காரணத்தை ஆராய வேண்டிய இடத்தைப் பண்டங்களை வாங்கும் செயல் பிடித்துக்கொள்வதே இதற்கு அடிப்படையாகும். இவ்வாராய்ச்சி எவ்வொழுங்கில் நிகழ வேண்டும் என்பதை, 1976இல் அறிமுகமான மெர்சிடிஸ்-பென்ஸ் 123 வரிசையைச் சேர்ந்த 240 டி காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவோம்.

1897இல் ருடோல்ப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. உருளையினுள் இழுக்கப்பட்ட காற்று அழுத்தப்படும்போது வெப்பமடைகிறது. அதனுள் விசிறப்படும் எரிபொருள் தானே தீப்பற்றுகிறது. 240 டி இயந்திரத்திற் காற்று தன் கனவளவின் 21இல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. வெப்பம் படிப்படியாக ஏறுவது அளவு மாற்றம். ஓர் எல்லையை அது கடந்ததும் எரிதல் நிகழ்வது பண்பு மாற்றம். அவ்வெல்லையை எட்டாதவரை இயந்திரம் எத்தனை முறை சுழன்றாலும் பயனில்லை. இவ்வகை இயந்திரத்தில் எரிதல் முதலில் ஒரு சிறு முன்னறையில் நிகழ்கிறது. அவ்வறையின் குளிர்ந்த உலோகச் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், ஹீற்றர் பிளக்கினால் அதனை முன்கூட்டியே சூடாக்க வேண்டியுள்ளது. எனவே போதிய சுழற்சி, போதிய வெப்பம், உரிய வேளையில் எரிபொருள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

முதலில் நோக்க வேண்டியது சுழற்சியாகும். இயந்திரம் மெதுவாகச் சுழலின், அழுத்தப்படும் காற்று பிஸ்டன் வளையங்களின் இடுக்குகளாற் கசிவதற்கும், வெப்பம் சுவர்களுக்குச் செல்வதற்கும் கூடிய நேரம் கிடைக்கிறது. ஸ்ராட்டர் சுழலும்போது 12 வோல்ற் பற்றரியின் அழுத்தம் ஏறத்தாழ 9.5 வோல்ற்றுக்குக் கீழே விழுமாயின், பற்றரியையும் இணைப்புகளையும் ஐயுற வேண்டும். இயந்திரத்தை உடற்சட்டத்துடன் இணைக்கும் கம்பி துருவேறியிருப்பதும் பலராற் கவனிக்கப்படாத காரணமாகும்.

சுழற்சி சரியெனக் கண்டபின் புகைக்குழாயை நோக்குதல் வேண்டும். சுழலும்போது வெண்புகை வெளிவருமாயின், எரிபொருள் உருளையை அடைகிறது, ஆயின் எரியவில்லை என்பது பொருள். புகையே இல்லையெனின் எரிபொருள் அங்கு சென்றடையவில்லை. இந்த ஓர் அடையாளம் ஆய்வை இரு கிளைகளாகப் பிரித்துவிடுகிறது.

வெண்புகை வருமிடத்து ஹீற்றர் பிளக்குகளைச் சோதிக்கலாம். கம்பியைக் கழற்றிவிட்டு, பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சோதனை விளக்கினூடாகப் பிளக்கின் முனையைத் தொடும்போது விளக்கு எரியாவிடின் அப்பிளக் அறுந்துள்ளது. இச்சோதனை தனித்தனியே இணைக்கப்பட்ட பிளக்குகளுக்குரியது. முற்பட்ட கார்களில் நான்கும் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. அங்கு ஒன்று அறுந்தால் நான்குமே செயலிழக்கும். இயந்திரம் சூடாக உள்ளபோதும் தொடக்கம் கடினமாயின், ஹீற்றர் பிளக்கைக் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. அங்கே அழுத்தக் குறைவை நோக்க வேண்டும். நல்ல நிலையில் 22 முதல் 24 பார் வரை காணப்படும் அழுத்தம் 15 பாருக்குக் கீழே செல்லலாகாது. அது குறைந்திருப்பினும் உடனே இயந்திரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. வால்வு இடைவெளி இறுகிவிட்டால் வால்வு முழுமையாக மூடாது; குளிர்ந்த நிலையில் உள்வழி வால்வுக்கு 0.10 மில்லிமீற்றரும் வெளிவழி வால்வுக்கு 0.30 மில்லிமீற்றரும் அமைத்தபின் மீண்டும் அளத்தல் தகும்.

புகை இல்லாவிடத்துப் பெரும்பாலும் காற்றுக் கசிவே காரணமாகும். இரவு முழுதும் நின்ற கார், கைப்பம்பை அழுத்தியபின் உடனே இயங்குமாயின், எரிபொருள் தாங்கியை நோக்கித் திரும்பி வடிந்திருக்கிறது. வழங்கு குழாயில் ஒரு பகுதியை ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாயாக மாற்றினால் காற்றுக் குமிழிகளைக் கண்ணாலேயே காணலாம்.

ஈதர் தெளித்து இயக்க முனைவது ஆபத்தானது. சூடான ஹீற்றர் பிளக்கில் அது முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனையும் வளையங்களையும் உடைத்துவிடலாம்.

சூழ்நிலையும் கருதத்தக்கது. கொழும்பிற் குறையின்றி இயங்கும் கார் நுவரெலியாவில் விடியற்காலையில் இயங்க மறுக்கலாம். குளிரும், 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தின் ஐதான காற்றும் அக்குறையைப் படைப்பதில்லை. சமவெளியின் வெம்மை மறைத்து வைத்திருந்த தேய்வை அவை வெளிக்கொணர்கின்றன.

தொகுத்து நோக்குமிடத்து, தோற்றம் ஒன்றாயினும் காரணங்கள் பல என்பதும், எளிதிற் சோதிக்கத்தக்கதிலிருந்து அரிதிற் சோதிக்கத்தக்கதை நோக்கிச் செல்வதே முறை என்பதும் புலனாகும். சுழலும் ஒலியைக் கேட்டும் புகையின் நிறத்தைக் கண்டும் காரணத்தை உணரும் கராஜ் தொழிலாளியிடம் இவ்வறிவு நெடுங்காலமாக உண்டு. அதனைக் கைப்பழக்கம் எனத் தாழ்த்துவது, உழைப்பிலிருந்து சிந்தனையைப் பிரித்து நோக்கும் பழைய மனப்பாங்கே. அவ்வறிவு காரணங்களுடன் எழுத்தில் வைக்கப்படுமாயின், தொழில் பழகுபவன் விரைவிற் கற்பான். கார் உரிமையாளனும் வேண்டாத பண்டத்திற்கு விலை கொடுக்கமாட்டான்.