ஒரே கட்டத்துக்குள் அடங்காத இனிப்புநீர்

மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இந்தக் கணக்கு வெளிவந்ததும் பழியெல்லாம் தே தாரிக் மீதும் ரொட்டி சானாய் மீதும் விழுகிறது. சாப்பாட்டுக்கும் மரபுக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் 'இந்தியர்' என்ற அதே கட்டத்தில்தான் பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞரும் கிள்ளானில் அலுவலகம் கூட்டும் நாள்கூலிப் பெண்ணும் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே எண்ணால் அளந்துவிட முடியுமா?

கேள்வி பிறந்த இடம்

இந்தக் கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. 1970களில் அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மீது, வேலையில் பாகுபாடு காட்டுகிறது என்று கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் பெண்களையும் வேலைக்கு எடுத்திருக்கிறது, கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது என்று நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள், கறுப்பினத்தவர் ஆண்கள். இரண்டு பாரமும் சேர்ந்து அழுத்துவதைக் காட்ட இந்த வழக்கை எடுத்து, சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் ஊடுவெட்டுப் பார்வையை (intersectionality) முன்வைத்தார். அது உலக சுகாதாரத்துக்கு ஏன் முக்கியம் என்று 2018இல் ஆய்வாளர்கள் கபிலாஷ்ரமியும் ஹன்கிவ்ஸ்கியும் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தப் பார்வையோடு கிள்ளானுக்கு வருவோம்.

கிள்ளானில் ஒரு காலை

ரப்பர் தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்கள் கிள்ளானில் ஏராளம். அப்படியொரு வீட்டின் 36 வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். குத்தகைத் துப்புரவு வேலை, நாள்கூலி. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குக் காலையிலேயே போய் நம்பர் எடுத்துக் காத்திருந்தால் அன்றைய கூலி போச்சு. வீட்டில் யாருக்காவது அடையாள அட்டை இல்லையென்றால் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறார்கள்.

பெண், தமிழர், நாள்கூலி, ஆவணச் சிக்கல். இவற்றைத் தனித்தனியே எண்ணும் கொள்கை இவரைக் காண்பதே இல்லை.

40 வயதுக் கோடு

2019இல் தொடங்கிய 'பெக்கா பி40' திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு இலவசப் பரிசோதனை உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் 40 வயது ஆகவேண்டும்; அந்தக் கிள்ளான் பெண்ணுக்கு அதில் இடமில்லை. 2023 தேசிய ஆய்விலோ, இனிப்புநீர் உள்ளவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியவில்லை. நோய் கூடுதலாக உள்ள, வருமானம் குறைந்த பிரிவினருக்காவது இந்த வயது வரம்பைத் தளர்த்த வேண்டும். நாள்கூலிக்காரர்களுக்காக மாலையிலும் வார இறுதியிலும் பரிசோதனை நடத்த வேண்டும்.

கேட்க வேண்டியவை

கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறியிருந்த பெண்கள் பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்துக் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், பின்னர் ஆண்டுதோறும். குழந்தையின் ஊசிக்குத் தவறாமல் வரும் தாய்மார் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டிய பெண்களும், 90ஐத் தாண்டிய ஆண்களும், குடும்பத்தில் இனிப்புநீர் உள்ளவர்களும், வயது 40 ஆகவில்லை என்றாலும் ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.