பழைய டாலர் நோட்டுகள் சொல்லும் கதை

அஞ்சல் தலை சேகரிப்போரை நாம் அறிவோம். பழங்காசுகளைத் தேடி அலைவோரையும் அறிவோம். கசங்கிய காகிதப் பணத்தை உறையிலிட்டுக் கண்போல் காப்போரும் உளர் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2014ஆம் ஆண்டில், அமெரிக்க ஏலம் ஒன்றில் ஆயிரம் டாலர் நோட்டு ஒன்று 32 இலட்சத்து 90 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று! 1890ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த அந்நோட்டின் பின்புறத்திலுள்ள பெரிய பூச்சியங்கள், பச்சை வரிகளுடன் தர்பூசணிப் பழங்களைப் போலவே தோன்றும். எனவே சேகரிப்போர் அதற்கு இட்ட செல்லப் பெயர் 'பெருந்தர்பூசணி'.

விலையைக் கேட்டு மலைப்பதோடு நின்றுவிட்டால் இக்கலையின் சுவை நமக்குக் கிட்டாது. பழைய நோட்டு ஒவ்வொன்றும் ஓர் அரசு தன் மக்களுக்கு எழுதிக்கொடுத்த வாக்குறுதியாகும். அவ்வாக்குறுதி காக்கப்பட்டதா, காற்றில் விடப்பட்டதா என்பதே அந்நோட்டின் வரலாறு.

1775இல் பிரிட்டனை எதிர்த்துப் போரில் இறங்கிய குடியேற்ற நாடுகளிடம் படை இருந்தது, பணம் இல்லை. வரி விதிக்கும் அதிகாரமும் அவர்களுடைய பேரவைக்கு இல்லை. ஆகவே காகிதத்தில் பணம் அச்சிட்டனர். இதனை வைத்திருப்பவருக்கு இத்தனை ஸ்பானிய வெள்ளி டாலர் உரியது என்று அதில் எழுதியிருந்தது. வெள்ளிதான் கருவூலத்தில் இல்லை! போர் நீள நீள நோட்டுகள் குவிந்தன. பிரிட்டிஷார் தம் பங்குக்குக் கள்ள நோட்டுகளையும் அடித்துப் பரப்பினர். 1781 அளவில் அப்பணம் கைமாறுவதே நின்றுபோயிற்று. அதனை ஊதியமாகப் பெற்ற போர்வீரனின் குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும்! பின்னர் 1790இல் இயற்றப்பெற்ற சட்டம், நூறு டாலர் நோட்டுக்கு ஒரு டாலர் மதிப்புள்ள கடன் பத்திரம் என்று கணக்கை முடித்தது.

கள்ள நோட்டைத் தடுக்க அக்காலத்தில் கையாண்ட உத்தி ஒன்று குறிப்பிடத்தக்கது. அச்சுத் தொழிலில் வல்லவரான பெஞ்சமின் பிராங்க்ளின், மெய்யான மர இலையிலிருந்தே அச்சு வார்த்து நோட்டின் பின்புறத்தில் பதித்தார். இலை நரம்புகளின் நுட்பத்தை எந்தக் கைவினைஞனாலும் அப்படியே செதுக்கிவிட முடியாது அல்லவா? இதுவும் போதாதென்று, கள்ள நோட்டு அடிப்பது மரண தண்டனைக்குரியது என்றும் சில நோட்டுகளிலேயே அச்சிட்டனர்.

உள்நாட்டுப் போரும் பச்சை முதுகும்

1861இல் மூண்ட உள்நாட்டுப் போரே இன்றைய டாலருக்குத் தாய். அவ்வாண்டில் வட பகுதி அரசு வெளியிட்ட நோட்டுகளின் பின்புறம் பச்சை மையால் அச்சிடப்பட்டது. மக்கள் அவற்றைப் 'பச்சை முதுகு' என்றழைத்தனர். அப்பெயர் இன்றளவும் வழங்குகிறது. மறு ஆண்டு வெளியான ஒரு டாலர் நோட்டில் நிதியமைச்சர் சால்மன் சேஸ் தம் முகத்தையே பதிக்கச் செய்தார். குடியரசுத் தலைவராகும் ஆசை கொண்டவர் அவர் என்பதை நினைவிற் கொண்டால் காரணம் விளங்கும்! நோட்டு அச்சிடும் துறையில் அதிகாரியாயிருந்த ஸ்பென்சர் கிளார்க்கும் தம் பங்குக்கு ஐந்து சென்ட் நோட்டில் இடம்பிடித்தார். சினங்கொண்ட நாடாளுமன்றம், உயிரோடிருப்பவரின் படத்தை நோட்டில் அச்சிடலாகாதென 1866இல் தடை விதித்தது.

பிரிந்து சென்ற தென் மாநிலங்களும் நோட்டு அடித்தன. வடக்கோடு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டு இத்தனை காலத்திற்குப் பின் பணம் தரப்படும் என்பது அவற்றிலிருந்த வாசகம். உடன்படிக்கை ஏற்படவேயில்லை, 1865இல் தோல்விதான் வந்தது. இதனிடையே பிலடெல்பியா வணிகர் சாமுவேல் அப்ஹாம், தென்னக நோட்டின் நகல்களை நினைவுப் பொருளாக விற்றார். அவை நகல் என்பதைக் கூறும் வரி நோட்டின் ஓரத்தில் இருந்தது. கத்தரிக்கோலால் அதனை நறுக்கி எறிந்துவிட்டுத் தெற்கே சென்று செலவழித்தோர் பலர்! அந்நகல்களையும் இன்று தேடி வாங்குகின்றனர்.

மஞ்சள் முத்திரை

இரண்டாம் உலகப்போர்க் கால நோட்டுகளே என் நெஞ்சைக் கவர்ந்தவை. 1942 நவம்பரில் அமெரிக்கப் படைகள் மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் தரையிறங்கின. படையினருக்கென வழங்கிய வெள்ளிச் சான்று நோட்டுகளில் வழக்கமான நீல முத்திரைக்குப் பதிலாக மஞ்சள் முத்திரை இருந்தது. பகைவர் கையில் பணம் சிக்கினால், மஞ்சள் முத்திரை செல்லாது என்று ஒரே சொல்லில் அறிவித்துவிடலாம். காஸாபிளாங்காவின் கடைவீதிகளில் புழங்கியிருக்கக்கூடிய அந்த ஒரு டாலர் நோட்டு இன்றும் எளிய சேகரிப்பாளருக்கு எட்டும் விலையிலேயே கிடைக்கிறது.

ஹவாய்த் தீவுகளிலும் இதே அச்சம். அங்கிருந்த பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 'ஹவாய்' என்று பெரிதாக அச்சிட்ட நோட்டுகளை வழங்கினர். திரும்பி வந்த நோட்டுகளின் மதிப்பு 20 கோடி டாலர்! அவற்றைச் சுடுகாட்டு உலையிலும், அது போதாமல் சர்க்கரை ஆலை உலையிலும் இட்டு எரித்தனர்.

நம் நாட்டில் 1978இலும் 2016இலும் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவையானதை நாமறிவோம். அமெரிக்காவிலோ, 1861 முதல் அரசு வெளியிட்ட நோட்டுகள் இன்றும் முகமதிப்புக்குச் செல்லும். பெருந்தர்பூசணியைக் கடையில் நீட்டினாலும் ஆயிரம் டாலருக்குச் சரக்கு பெறலாம், நீட்டுவார்தாம் இரார்! ஆனால் 1934ஆம் ஆண்டு வரிசையின் இலட்சம் டாலர் பொற்சான்று நோட்டைத் தனியார் வைத்திருத்தல் குற்றம். அது மைய வங்கிகள் தமக்குள் கணக்குத் தீர்க்க அச்சிட்டது.

அரியது எனும் பேச்சை நம்பி ஏமாந்தோரும் உண்டு. ஜோசப் பார் என்பவர் 1968 டிசம்பரிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதமே நிதியமைச்சராயிருந்தார். அவர் கையொப்பமிட்ட ஒரு டாலர் நோட்டு பிற்காலத்தில் பொன்னாகும் என்று பலர் பதுக்கினர். அச்சானவையோ கோடிக்கணக்கில்! இன்றும் அதன் விலை பெரிதாக ஏறவில்லை.

பழைய நோட்டு கைக்கு வந்தால் பலரும் செய்யும் முதல் பிழை, அதனைக் கழுவி இஸ்திரி போடுவது. சேகரிப்போர் 70 புள்ளிகள் கொண்ட அளவுகோலால் நோட்டின் தரத்தை மதிப்பிடுகின்றனர். கழுவிய நோட்டு அவர்கள் கண்ணுக்கு உடனே தென்பட்டுவிடும்; விலையும் விழும். கிழிசலில் ஒட்டுத்தாள் ஒட்டுவதும் ஆகாது. மடிப்பை நீவாமல், இருந்தபடியே நல்ல உறையிலிட்டு அறிந்தவரிடம் காட்டுவதே முறை. மொறமொறவென்று பழுப்பேறிய தாளில் தென்னக நோட்டு கிடைத்தால் மட்டும் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென அச்சிட்ட விளையாட்டுப் பொருள்களே.