தோல்வியின் விலை

ஓட்டப் பந்தயத்தில் வெற்றிக்கான பரிசு அனைவருக்கும் ஒன்றே. தோல்வியின் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஓடிய பிரிட்டன் வீரர்களைப் பற்றி 1981-இல் வெளியான 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படம் உணர்த்துவது இதைத்தான்.

யூதரான ஹரால்ட் ஆபிரகாம்ஸ், தன்னை அயலானாகப் பார்க்கும் சமூகத்தின் முன் தன்னை நிலைநாட்டவே ஓடுகிறார். தொழில்முறைப் பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டதற்காகக் கேம்பிரிட்ஜ் பெரியவர்கள் கடிந்துகொண்டபோதும் அவர் பின்வாங்கவில்லை. எரிக் லிடலுக்கோ ஓட்டமே இறைவழிபாடு. தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டர் ஓட்டத்தையே துறக்கிறார். கற்பனைப் பாத்திரமான லிண்ட்சே பிரபு, 400 மீட்டரில் தனக்குரிய இடத்தை லிடலுக்குப் புன்னகையுடன் விட்டுத்தருகிறார். (உண்மையில், அட்டவணையை முன்னரே அறிந்த லிடல் பல மாதங்கள் 400 மீட்டருக்குப் பயிற்சி பெற்றிருந்தார்.) ஆபிரகாம்ஸ் 100 மீட்டரிலும், லிடல் 400 மீட்டரிலும் தங்கம் வென்றனர்.

ஒன்றைப் பெறுவதற்காக நாம் இழக்கும் மற்றொன்றைப் பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்போம். லிண்ட்சேவின் பெருந்தன்மை போற்றத்தக்கதே. ஆனால், தோற்றாலும் அவர் பிரபுதான். லிடலுக்கு நம்பிக்கை துணை நிற்கிறது. ஆபிரகாம்ஸுக்கு அத்தகைய புகலிடம் ஏதுமில்லை.

போட்டியில் வெறியோடு இறங்கும் இளைஞரைக் குறைகூறுமுன், தோற்றால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று நாம் கேட்க வேண்டும்.