இனாம் கொடுக்கலாம், கூலியைக் குறைக்கலாமா?

இனாம் கொடுப்பது லேசான காரியமல்ல. செங்கற்பட்டுச் சீமைக்கு இது நன்றாகத் தெரியும். 1763-ஆம் ஆண்டில் ஆற்காடு நவாப் முகமது அலி, தமக்குச் செய்த உதவிகளுக்குப் பிரதியாக, இந்தச் சீமையையே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி அத்துடன் திருப்தி அடைந்ததா? 1801-இல் கர்நாடக ராஜ்யமே அதன் கைக்குப் போய்ச் சேர்ந்தது!

அதே சீமையிலுள்ள மாமல்லபுரத்துக்கு இன்று வரும் வெளிநாட்டுப் பிரயாணிகள் அவ்வளவு தாராளம் காட்ட வேண்டியதில்லை. ஆனால், யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற குழப்பம் அவர்களை விடுவதில்லை.

நாட்டுக்கு நாடு

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஓட்டல் பில் தொகையில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை இனாம் வைப்பது வழக்கம். அங்கே மத்தியச் சட்டப்படி, இனாம் பெறும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் இது உயரவில்லை. சில மாநிலங்கள் மட்டுமே முழுக் கூலி கொடுக்கச் சொல்கின்றன. ஆகவே அங்கே இனாம் என்பது பாதிக் கூலி. பிரான்ஸிலோ பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடும். ஜப்பானில் மேஜைமேல் காசை வைத்துவிட்டு நடந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள்.

ஆகவே, மாமல்லபுரத்தில் அள்ளிக் கொடுக்கும் அமெரிக்கர் கர்ணனும் அல்லர். கொடுக்காமல் போகும் ஜப்பானியர் கஞ்சரும் அல்லர். இருவரும் தத்தம் ஊர் வழக்கத்தைக் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள்.

"உங்கள் இஷ்டம்!"

கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காண மத்தியத் தொல்லியல் துறை 2018-இல் நிர்ணயித்த கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டாருக்கு 600 ரூபாய். அத்தனை கொடுத்தவர், வழிகாட்டியின் கூலியும் அதில் சேர்ந்ததே என்று எண்ணினால் வியப்பில்லை. ஆனால் அதில் வழிகாட்டிக்குப் பங்கு கிடையாது. அவர் கூலி தனி.

அந்தக் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. "என்ன கொடுக்க வேண்டும்?" என்றால் "உங்கள் இஷ்டம்" என்பார் சிலர். முடிவில் சச்சரவு வருவது அந்த இஷ்டத்தினால்தான். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியிடம் அடையாள அட்டை இருக்கும். கேட்டுப் பார்ப்பது தவறில்லை. பேசிய கூலியைக் கொடுத்த பிறகு, அர்ச்சுனன் தபசை அவர் விளக்கிய அழகு மனத்துக்குப் பிடித்திருந்தால், அதற்குமேல் கொடுப்பது இனாம். அதையும் ரூபாயாகவே கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நாணயங்களை மாற்றுக் கடைகளில் வாங்குவதில்லை; நோட்டுகளைத்தான் வாங்குவார்கள். பையில் மிஞ்சிய சில்லறையைக் கொடுப்பவர் பாரத்தைத்தான் கொடுக்கிறார்.

கை நீட்டி வரும் குழந்தைகளுக்குக் காசு கொடுப்பதும் உபகாரமல்ல. பள்ளிக்கூடத்தைவிடக் கடற்கரை லாபமானது என்ற பாடத்தை அந்தக் காசு கற்பித்துவிடும்.

உளிக்கும் ஒரு விலை

ஓட்டல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நம் நாட்டில் இனாம் என்பது வாடிக்கையாளரின் விருப்பமே.

மாமல்லபுரத்தின் கற்சிற்பங்கள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றவை. ஒரு சிறு பிள்ளையாருக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கும். அதைப் பாதி விலைக்குக் கேட்டு வாதாடி வாங்கிய அதே கனவான், மாலையில் ஓட்டலில் பெரிய நோட்டு ஒன்றை இனாமாக வைத்துவிட்டுப் போகிறார். உளி பிடித்தவரின் கூலியில் பிடித்ததை வேறொருவருக்கு வாரி வழங்குவது தர்மமா?

நம்மவர்களுக்கும் இது பொருந்தும். மகனைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர், "இனாம் நம் இஷ்டம்தானே" என்று ஓட்டலை விட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. அங்கே அது ஒருவருடைய சம்பளம். ஜப்பான் போகிறவர்களோ காசை வற்புறுத்தாமல், தலை வணங்கி நன்றி சொன்னால் போதும்.

கூலி என்பது கடன். இனாம் என்பது சந்தோஷம். கடனைத் தீர்த்துவிட்டுச் சந்தோஷத்தைக் கொடுப்பவரை எந்த ஊரும் மறப்பதில்லை.