புரோத்ராபூரில் வீடு கட்டப் போறீங்களா? மனை வாங்கும் முன்பே தொடங்கும் அனுமதி வேலை

ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று இருந்த ஊரில், வேலை கிடைத்து, சேமிப்பும் கொஞ்சம் சேர்ந்து, சொந்தமாக ஒரு வீடு கட்டலாம் என்று யோசிக்கிறீங்களா? நகருக்குள் இடம் கிடைப்பது கஷ்டம். கண் தானாகக் காராச்சர்மா, புரோத்ராபூர் பக்கம் போகும். அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி மனை விலை இல்லை. "இந்த மனை யாருடைய எல்லைக்குள் வருது?" என்பதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு புரோத்ராபூரை 'கணக்கெடுப்பு நகரம்' என்று வகைப்படுத்தியது. மக்கள் நெருக்கத்தையும் அவர்கள் செய்யும் தொழிலையும் பார்த்தால் நகரம், நிர்வாகத்தில் ஊராட்சி என்பதே அதற்கு அர்த்தம். நகராட்சி எல்லையும் அதன்பிறகு விரிந்திருக்கு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எங்கே அனுமதி வாங்கினார் என்பதை வைத்து முடிவு செய்யாதீங்க. உங்கள் சர்வே எண்ணைக் கொடுத்து, நகராட்சியா கிராம ஊராட்சியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க. இரண்டும் 1994-இல் வந்த தனித்தனி ஒழுங்குமுறைச் சட்டங்களின் கீழ் இயங்குபவை. ஒன்றின் முத்திரை இன்னொன்றில் செல்லாது.

பட்டா என்ற நினைப்போடு போகாதீங்க

தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் தடுமாறுவது இங்கேதான். அந்தமானின் 1966-ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டப்படி, தீவுகளின் நிலம் முழுக்க மத்திய அரசுக்குச் சொந்தம். மக்களிடம் இருப்பது அனுபவ உரிமை, மானியம், உரிமம் என்று ஏதாவது ஒரு வகையில்தான். எல்லாம் ஒரே மதிப்பு கிடையாது. அனுபவ உரிமை உள்ளவர் செய்யக்கூடியதை, உரிமத்தில் இருப்பவர் செய்ய முடியாது. ஆகவே விற்பவரிடம் 'ஃபார்ம் எஃப்' நகலைக் கேளுங்க. நிலம் யார் பெயரில், எந்த உரிமையில், எந்த வகையில் பதிவாகியிருக்கு என்பது அதில் தெரியும்.

அந்த 'வகை'தான் அடுத்த சிக்கல். வீட்டு மனை என்றிருந்தால் நிம்மதி. நெல் நிலம், மலை நிலம் என்றிருந்தால், வரைபடம் போடும் முன்பே துணை ஆணையர் நிர்வாகத்திடம் வகை மாற்ற அனுமதி வாங்கணும். நம்ம ஊர் ஆட்சியருக்கு இணையான பதவி அது. விண்ணப்பம் தாசில்தார் வழியாக நகரும், பட்வாரி வந்து அளப்பார். "முதல்ல கட்டிடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று தரகர் சொன்னால், வகை மாற்றாமல் கட்டிய வீட்டுக்கு அபராதமோ இடிப்பு நோட்டீஸோ வரும்போது அவர் பக்கத்தில் நிற்கமாட்டார் என்பதை நினைச்சுக்குங்க. தீவுகளின் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு என்று பதிவானது. மனையின் ஒரு ஓரம் காட்டு எல்லையைத் தொட்டால் வனத்துறையிடமும் கேட்டாகணும். கடல், கழிமுகம், சதுப்புநிலக் காடு பக்கத்தில் என்றால் 2019-ஆம் ஆண்டு தீவுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் சேரும். அதில் தூரம் அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து.

அந்தக் கோடு நிலையானது என்று நினைக்காதீங்க. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமே தாழ்ந்தது, இந்தப் பக்கம் சுமார் ஒரு மீட்டர். சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. விலை மலிவாக இருக்கும் தாழ்வான மனையை ஒருமுறை பௌர்ணமி ஓத நேரத்தில் போய்ப் பாருங்க.

ஆய்வாளர் வருவாரா?

அமெரிக்காவில் ஒரு சின்னக் கிராமப்புற மாவட்டத்தில்கூட, பெரும்பாலும் அஸ்திவாரக் குழியை ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் கான்கிரீட் ஊற்ற முடியாது. சுவரை மூடும் முன் திரும்பவும் வருவார். நம்மிடம் விதிகளில் பணி தொடக்க அறிவிப்பு, அடித்தள மட்டச் சரிபார்ப்பு, நிறைவுச் சான்று எல்லாம் உண்டு. ஆனால் சின்ன வீடுகளில் ஆய்வு என்பது பெரும்பாலும் எல்லையும் உயரமும் சரியா என்று பார்ப்பதோடு நிற்கும். கம்பியை யாரும் பார்ப்பதில்லை. தமிழ்நாடு 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. வசதிதான். ஆனால் தரத்தின் பொறுப்பு இன்னும் அழுத்தமாக வீட்டுக்காரர் தலையில் விழுது. அந்தமானில் அந்தப் பொறுப்பின் எடை அதிகம். நில அதிர்வு வரைபடத்தில் மிக ஆபத்தான மண்டலத்தில் நீண்ட காலமாக இருக்கும் இடம் அது.

அதனால் ஆய்வை நீங்களே ஏற்பாடு செய்யுங்க. ஒப்பந்ததாரருக்குத் தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் தளத்துக்கு வரச் சொல்லி, அதற்குத் தனியாகக் காசு கொடுங்க. அவர் பார்க்க வேண்டியதை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13920 சொல்லியிருக்கு. தூணின் குறுகிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. நம்ம மேஸ்திரிகள் பழகிய ஒன்பது அங்குலத் தூண் 230 மில்லிமீட்டர்தான், அதாவது பற்றாது. தூணைச் சுற்றும் வளையக் கம்பியின் நுனி 135 டிகிரி உள்ளே மடிந்திருக்கணும். 90 டிகிரியில் விட்டால் அதிர்வில் வளையம் திறந்துகொள்ளும். தூணின் மேல், கீழ் முனைகளில் வளையங்களின் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் கார் நிறுத்த விட்டு, மேலே மட்டும் சுவர் வைத்துக் கட்டும் ஆசை இருந்தால் பொறியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்க. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் சரிந்தவற்றில் அந்த வகைக் கட்டடங்கள் பல.

மணலையும் விசாரியுங்க. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஷேகர் சிங் ஆணையப் பரிந்துரைகளை ஏற்ற பிறகு, அந்தமானில் கடற்கரை மணல் எடுப்பது கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மலிவாக வரும் மணல் எங்கிருந்து வருது என்று கேட்பது சட்டத்துக்காக மட்டுமில்லை. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சில வருஷத்தில் தூண் வெடிக்கும். சிமென்ட் கப்பலில் வரும் சரக்கு. பையில் உள்ள தயாரிப்பு வாரத்தைப் பார்த்து வாங்குங்க, மழைக்காலத்தில் தரையில் அடுக்க விடாதீங்க.

மழை வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை குழாயில் தண்ணீர் வருவதே அரிது. வரைபடத்திலேயே மழைநீர்த் தொட்டிக்கு இடம் போட்டுக் கொடுங்க, கூரை வேலை முடிந்த பிறகு யோசித்தால் இடமும் இருக்காது, பணமும் இருக்காது. வேலை தொடங்கும் முன் தண்ணீர் லாரிக்கான செலவையும் கணக்கில் எழுதி வையுங்க. கான்கிரீட் போட்ட பின் குறைந்தது ஏழு நாள் நனைத்துக்கிட்டே இருக்கணும், பிப்ரவரியில் அதற்கே லாரி தேவைப்படும்.